இரண்டு இருபதுக்கு ஒரு கையெழுத்து

டெலிபோன் அலறியது...

விசாரணை அதிகாரி எடுக்கவில்லை. யாரென்று தெரியும். விழுந்த விமானத்தை ஓட்டிய கேப்டனின் மனைவி. இருபது நாளாகத் தினமும் பதினோரு மணிக்கு ஒரே கேள்வி. அவர்மேல் தப்பில்லை என்று எழுதுவீர்களா?

என்னத்தை எழுத!

தொண்ணூற்று நான்கு பேர் போய்விட்டார்கள். பறவை மோதவில்லை. மழை இல்லை. மிச்சம் ஆட்டோ த்ராட்டில். இரண்டு லீவர்களை நகர்த்தி, இன்ஜின்களின் வேகத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கும் கருவி. இடது லீவர் மட்டும் பின்வாங்கி, விமானம் ஒருபக்கமாகக் கவிழ்ந்தது என்றது கறுப்புப் பெட்டி.

இழுத்தது கருவியா, கேப்டனா?

கேப்டன்தான் என்றது மேலிடம். செத்தவன் வந்து மறுக்கப்போகிறானா!

வலது லீவர் சிக்கிக்கொண்டால், கருவி அதற்கும் சேர்த்து இடதை மட்டும் பின்னால் இழுத்துவிடும். அப்படி வலது லீவர் சிக்குவதாகப் புகார்ப் புத்தகத்தில் ஆறு முறை எழுதியிருந்தார்கள். ஆறாவது, அந்தக் கேப்டனே எழுதியது. விபத்துக்கு நாலு நாள் முன்னால். ஒவ்வொன்றின் கீழும் ஒரே பதில். 'சோதித்தேன். சரியாக உள்ளது.' தேதி, நேரம், கையெழுத்து.

கையெழுத்து... தலைமை மெக்கானிக்குடையது. அதிகாரியின் தங்கை புருஷன்!

கேஸை ஏன் தன் தலையில் கட்டினார்கள் என்று அவருக்கு இப்போது புரிந்தது. கோபம்கூட வரவில்லை. அலுப்புதான் வந்தது.

மெக்கானிக் எதிரே சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கடைசிப் புகாருக்கு, நம்ம ஷெட்ல நிறுத்தி, ரெண்டு லீவரையும் நானே தள்ளிப் பார்த்தேன் மச்சான். எட்டாம் தேதி, மத்தியானம் ரெண்டு இருபது. நேரம் போடாம நான் கையெழுத்தே போடமாட்டேன்."

உண்மைதான். கல்யாண ரிஜிஸ்டரிலேயே மணி போட்ட மனுஷன்.

"தேதி, நேரம் ஏதும் மாறியிருக்குமோ மாப்ளே?"

"சான்ஸே இல்ல. எழுதினா எழுதினதுதான்."

தப்பிக்க விட்ட ஒரே வழியையும் அவரே அடைத்துக்கொண்டார். போதாக்குறைக்கு, தங்கச்சியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவைத்தார்.

அதிகாரி நினைத்தார். இனி எந்த முகத்தோடு அவள் வீட்டு வாசலை மிதிப்பது?

டெலிபோன் மறுபடி அலறியது.

இந்த முறை எடுத்தார்.

"அம்மா... உங்க வீட்டுக்காரர் மேல தப்பில்ல. அப்படித்தான் எழுதப்போறேன்."

மறுமுனையில் அழுகை. அவர் ரிசீவரை மெல்ல வைத்தார்.

மெக்கானிக் துள்ளி எழுந்தார்.

"என்ன மச்சான், விளையாடறீங்களா? நான் சோதிச்சதுக்கு எழுத்துல சாட்சி இருக்கு!"

"அதான் மாப்ளே சிக்கல்."

அந்த விமானம் எப்போது கிளம்பியது, எப்போது இறங்கியது என்று குறித்த பதிவேட்டை அதிகாரி அவர் பக்கம் திருப்பினார். எட்டாம் தேதி வரியில் விரலை வைத்தார்.

"ரெண்டு இருபதுக்கு அது முப்பதாயிரம் அடி உயரத்துல பறந்துக்கிட்டு இருந்திருக்கு..."

மெக்கானிக்கின் முகம் வெளுத்தது.

"அவ்ளோ நீள ஏணி உங்களுக்கு எந்தக் கடையில கிடைச்சுது மாப்ளே?"