புகார் எதுவும் இல்லை

வீட்டு வசதி வாரியத்துக்குப் போன் போட்டால் முதலில் ஒரு பாட்டு வரும், அப்புறம் காத்திருக்கச் சொல்லும் குரல் வரும், கடைசியில் லைன் செத்துப்போகும். அன்றைக்குத் தையல்காரி போட்டபோது அதிசயமாக ஒரு பெண் எடுத்தாள்.

"நேத்து எவ்வளவு பொறுமையா பேசினீங்க மேடம். இங்க யாரும் அப்படிப் பேசறதில்ல."

தையல்காரி நேற்று போன் செய்யவே இல்லை.

"சுவர் சரியாயிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? புகாரை முடிச்சுட்டோம்."

தையல்காரி திரும்பிச் சுவரைப் பார்த்தாள். மழைக்காலம் முடிந்து எத்தனையோ நாளாகியும் படுக்கையறைச் சுவர் வியர்த்துக்கொண்டேதான் இருந்தது. மடித்துவைத்து மறந்துபோன ஈரத்துணியின் நாற்றம் தலையணைக்குள் வரை போயிருந்தது. கறுப்புப் பூஞ்சை தரையிலிருந்து கிளம்பிக் கட்டில் உயரத்துக்கு ஏறியிருந்தது. அதன் அருகே மகள் இழுத்து இழுத்து மூச்சுவிட்டுத் தூங்கினாள். இந்தச் சுவரோடு மல்லுக்கட்டித்தான் தையல்காரிக்குத் தூக்கம் போனது, வாடிக்கைக்காரர்களிடம் எரிந்து விழும் குணம் வந்தது. "நீ முன்ன மாதிரி இல்லடி, எப்பப் பாரு சுவர் சுவர்னு," என்று சொன்ன அக்காகூட இப்போது வருவதில்லை.

மகளை எழுப்பாமல் வெளியே பூட்டிக்கொண்டு வாரியத்துக்குப் போனாள். பெஞ்சில் உட்காரவைத்தார்கள், வேறு மாடிக்கு அனுப்பினார்கள், மறுபடி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மத்தியானம் ஆனபிறகு ஓர் அதிகாரி சலித்துக்கொண்டே நேற்றைய போன் பேச்சின் பதிவைப் போட்டார்.

அவள் குரல். பேசுமுன் எச்சில் விழுங்கும் அவளுடைய பழக்கம்கூட அதில் இருந்தது. பின்னால் மகள் சிரிக்கும் சத்தம்.

"எல்லாம் சரியாயிடுச்சு மேடம். உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டா. இனிமே அவ வரமாட்டா."

"அது நான் இல்ல சார்."

"நீங்க இல்லன்னா வேற யாரும்மா?" அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவள் வெளியே வந்தாள். பஸ்ஸுக்கு நிற்கத் தோன்றவில்லை. ஓடினாள். வெயில் கண்ணைக் குத்தியது. படியில் இடறி முழங்கால் சிராய்ந்தது.

கதவில் பூட்டு இல்லை.

தள்ளினாள். உள்ளே தாழ். நடையில் திறந்திருந்த படுக்கையறை ஜன்னலுக்கு ஓடினாள்.

சுவர் வெள்ளைவெளேரென்று காய்ந்திருந்தது. பூஞ்சை இல்லை. நாற்றம் இல்லை. கட்டிலில் ஒருத்தி, அவளுடைய நைட்டியில், மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"கண்ணு," என்றாள் தையல்காரி.

மகள் நிமிர்ந்தாள். பார்த்தாள். அந்த மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அம்மா, ஜன்னல்ல யாரோ."

கட்டிலில் இருந்தவள் சீப்பை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அதே முகம். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். அதில் கோபம் இல்லை. கிட்டே வந்து நின்று, நாள் முழுக்கக் கூட்டத்தைப் பார்த்து அலுத்துப்போன வாரியத்து அதிகாரி போலத் தையல்காரியைப் பார்த்தாள்.

பிறகு ஜன்னல் கதவை மெல்லச் சாத்தினாள்.