ரைஸ் குக்கர் பியர்

மழைக்குப் பயந்து, பியர் காய்ச்சும் சாமான் விற்கும் கடைக்குள் ஓடிய றொஷான், வெளியே வந்துகொண்டிருந்த ஹம்சினி மீது நேராகப் போய் மோதினான். அவள் கையிலிருந்த பை கிழிந்து, லண்டன் ஃபாரஸ்ட் கேட் நடைபாதை முழுக்க மால்ட், பியருக்கான முளைகட்டிய பார்லி, சிதறியது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

தெரிந்தது... மழைத்துளி தொங்கும் இமைகள். கோபத்திலும் சிரிப்பை ஒளித்துவைத்த கண்கள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்களும் வீட்டிலை பியர் காய்ச்சுறனீங்களோ?"

"ஆமா. ஏன், பொண்ணுங்க காய்ச்சக்கூடாதா?"

"ஐயோ, அப்பிடிச் சொல்லேல்லை! எதிலை காய்ச்சுறனீங்கள்?"

"எலெக்ட்ரிக் மெஷின். தண்ணி ஊத்தி, மால்ட் போட்டா சூட்டை அதுவே பாத்துக்கும்."

"அப்ப ரைஸ் குக்கர் எண்டு சொல்லுங்கோ!"

"உங்ககிட்ட என்ன இருக்காம்?"

"பிக்னிக் போற ஐஸ் பெட்டி. அதிலைதான் மால்ட்டைச் சுடுதண்ணியிலை ஊறவைக்கிறது. அடியிலை நானே ஒரு குழாய் பூட்டினனான்."

"ஐஸ் பெட்டியிலயா! மீன் வாசம் வராது?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். புது மால்ட் வாங்கிக் கொடுத்தான். அவள் தேநீர் வாங்கிக் கொடுத்தாள். அதன்பிறகு சனிக்கிழமைகளில் அந்தக் கடைக்கு இருவருக்கும் ஏதோ ஒரு வேலை இருந்துகொண்டே இருந்தது...

எல்லாம் அந்தப் போட்டி வரைக்கும்தான். பியர் காய்ச்சுவோர் சங்கத்தில் ஹம்சினியின் பியர் முதலாவது. றொஷானுடையதை யாரும் இரண்டாவது வாய் குடிக்கவில்லை.

"பரிசை மெஷினுக்கெல்லோ குடுக்கவேணும்," என்றான் எல்லோருக்கும் கேட்கும்படி. "இவ பட்டன்தானே அமுக்கினவ!"

கூட்டம் சிரித்தது. ஹம்சினி சிரிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பின்னால் ஓட வேண்டும் போலிருந்தது அவனுக்கு. ஓடவில்லை... ரோஷம்! அடுத்த சனிக்கிழமை அவள் கடைக்கு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

தங்கை கிளறிற்றாவின் கலியாணம் நெருங்கியது. "பியர் என்ரை பொறுப்பு," என்று சொந்தக்காரர் எல்லோரிடமும் பெருமையடித்திருந்தான் றொஷான். புளித்து நுரைக்கவே கிழமைக்கணக்கில் வேண்டும். காய்ச்ச எஞ்சியிருந்தது அந்த ஒரு ஞாயிறுதான். அன்று பார்த்து ஐஸ் பெட்டியின் குழாய் படக்கென்று உடைந்தது. சூடான மால்ட் தண்ணீர் சமையலறை முழுக்க ஓடியது.

அம்மா பியற்றிஸ் துடைப்பத்தோடு வந்தாள். "அந்த இந்தியப் பிள்ளையிட்டை மெஷின் இருக்கெண்டு சொன்னனீ. கேளன்."

"ஏலாதம்மா. எந்த முகத்தோடை கேக்கிறது?"

"உள்ள முகத்தோடை கேள்."

மிச்ச மால்ட் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினான். குட்மேய்ஸில் அவள் வீட்டுக் கதவைத் தட்டும்போது முழுக்க நனைந்திருந்தான்.

கதவு திறந்தது. அதே கண்கள்... சிரிப்பு மட்டும் இல்லை.

"ஹம்சினி, உங்கடை பியர் உண்மையாவே நல்லாயிருந்தது. பொறாமையிலை கதைச்சிட்டன். பிழை என்ரைதான்."

அவன் தோளிலிருந்த பையை அவள் பார்த்தாள். "மெஷினுக்காக வந்தீங்களா, மன்னிப்புக் கேக்க வந்தீங்களா?"

"வெளிக்கிடேக்கை மெஷினுக்குத்தான்," என்றான் தலைகுனிந்து. "ரயிலிலை வரேக்கை... கலியாணத்துக்குப் பியர் இல்லாட்டிலும் பரவாயில்லை, நீங்கள் திரும்பக் கதைச்சால் போதுமெண்டு நினைச்சன்."

அவள் கதவை அகலத் திறந்தாள். "முதல்ல தலையைத் துவட்டுங்க. தரையெல்லாம் சொட்டுது."

மெஷின் சூட்டை மட்டும்தான் பார்த்துக்கொண்டது. மற்றதெல்லாம் அவள்தான். மால்ட்டைக் கிளறினாள், ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தாள், "இன்னும் கொஞ்சம் ஊறட்டும்" என்றாள். அவள் சொன்னபடியெல்லாம் செய்தான் றொஷான். கசப்புக்கு ஹாப்ஸ் பூக்களைப் போட்டதும் சமையலறையே மணத்தது. ஜன்னல்களில் ஆவி படர்ந்தது.

"கலியாணத்துக்கு வாறீங்களோ?" மெல்லக் கேட்டான்.

"பியர் காய்ச்சினவளாவா?"

"இல்லை... என்னோடை." அவள் கையிலிருந்த கரண்டியையே பார்த்தான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, ஹம்சினி. கன நாளா..."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். கன்னம் சிவந்தது ஆவியாலா... அவனுக்குத் தெரியவில்லை.

"உங்க வீட்ல என்ன சொல்வாங்க?"

"அம்மாதான் என்னைத் துரத்திவிட்டவ!"

பொங்கிவந்த சிரிப்பை அவளால் அடக்க முடியவில்லை. நெருங்கி வந்து, அவன் நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடியை விலக்கினாள்.

"எனக்கும் உன்னைப் பிடிச்சிருக்கு... அந்த 'ங்க'வை விட்டுட்டு, இன்னொரு தடவை சொல்லு."