மூழ்குகிறவன் கத்த மாட்டான்

ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் துண்டு எடுத்துக்கொண்டு போவார்கள். சர்குலர் பதினான்கு பக்கச் சுற்றறிக்கை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளை மேனேஜர். எட்டாம் வகுப்பில் மானிட்டராக இருந்தபோதே, எதற்கெடுத்தாலும் தாளில் எழுதி ஒட்டுகிற வியாதி அவரைப் பிடித்துவிட்டது. சர்குலர் என்பது அன்றைக்கு வைத்த பெயர். முப்பது வருஷமாகியும் சாயம் போகவில்லை. கோடை விடுமுறையில் ஒருநாள் கூடாரம் அடித்துப் படுத்துவிட்டு வருவதற்கு அவர் ‘களப்பயணத் திட்டம்’ என்று தலைப்பு வைத்திருந்தார்.

கூடப் போனவர்கள் மூன்று பேர். அதே வகுப்பில் படித்த பல் டாக்டர். அதே வகுப்பில் படித்த விசில். நகராட்சி நீச்சல் குளத்தில் உயிர்க் காவல் வேலை, பகல் முழுக்க வாயில் எது இருக்கிறதோ அதுவே பெயராகிவிட்டது. மூன்றாவது, விசிலின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தாறு வயது, பாதி வழுக்கை, முழுத் தொந்தி. அவனுக்கு ஆறு வயதாகும்போது அம்மா போய்விட்டாள்; அதற்குப் பிறகு அவனைத் தூக்கி வளர்த்தது அக்காதான். ஊருக்கே நீந்தக் கற்றுக்கொடுத்தவளுக்கு வீட்டுப் பிள்ளை மட்டும் தேறவில்லை. இருபது அடி அடிப்பான், பிறகு அம்மிக்கல்.

வழக்கமாக இந்த மாதிரி இடங்களில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் புதரிலிருந்து வந்து, “அந்தப் பக்கம் போகாதீங்க” என்று நடுங்கும் குரலில் எச்சரிப்பார். அன்று அப்படி யாரும் வரவில்லை. சாலை ஓரத்தில் தர்பூசணி விற்ற பெண் மட்டும், “வண்டிய அந்த மரத்தடியில நிறுத்தாதீங்க, காக்கா எச்சம் போடும்” என்றாள். அவள் சொன்னது பலித்தது.

கரையில் கூடாரம் அடித்து, தார்ப்பாய் விரித்ததும் சர்குலர் எழுந்து நின்று வாசித்தார்.

“விதி ஒன்பது. தண்ணியில யாருக்காவது ஆபத்துன்னா, உரக்க, தெளிவா, மூணு தடவ கூப்பிடணும். சத்தம் வந்த திசையில எல்லாரும் ஓடணும்.”

“அது நடக்காதுப்பா,” என்றாள் விசில். “தண்ணியில...”

“கேள்வியெல்லாம் கடைசியில.”

“கேள்வி இல்ல, நான் என்ன சொல்ல வரேன்னா...”

“உன் குளம் ஆறு அடி, விசில். இது இயற்கை.”

பல் டாக்டர் ஒரு துண்டு தர்பூசணியை அவர் வாயில் திணித்தாள். “வாயத் திற. பெரிசா. ம், இப்ப மூடு.” அத்துடன் களப்பயணத் திட்டம் முடிந்தது.

ரொட்டி, அவித்த முட்டை, பழம். பன்னிரண்டு மணிக்கு வெயில் நிமிர்ந்து நின்றது. ஒரு இலை அசையவில்லை. மணல் பொரிந்தது. ஆறு மட்டும், ஏதோ யோசிப்பதுபோல, நகர்ந்தும் நகராமலும் கிடந்தது. சர்குலர் குறட்டை விட்டார். அதிலும் ஒரு அதிகாரம் இருந்தது.

விசிலுக்கும் கண் சொருகியது. ஆனால் ஒரு வாடை விடவில்லை. ஈரத் துணியை மூட்டையாகக் கட்டி, வருஷக்கணக்கில் மறந்து, அவிழ்த்தால் வருமே, அந்த வாடை.

“அக்கா, கால மட்டும் நனைச்சுட்டு வரேன்.”

“முழங்காலுக்கு மேல போனா வந்து உதைப்பேன்.”

“எனக்கு முப்பத்தாறு வயசு.”

“உன் நீச்சலுக்கு ரெண்டு வயசு.”

அவன் சிரித்துக்கொண்டே இடது பக்கமாக, தண்ணீர் மேல் சாய்ந்து நின்ற மரத்தை நோக்கிப் போனான். அவள் கண்ணை மூடினாள். எவ்வளவு நேரமோ.

“அக்கா!”

வலது பக்கத்திலிருந்து வந்தது. கீழே, கரும்பாறைக்குப் பின்னாலிருந்து.

“அக்கா!”

தம்பியின் குரல்.

“அக்கா!”

மூன்று தடவை. உரக்க. தெளிவாக. விதி ஒன்பதை எழுதியவருக்கே அப்படிக் கூப்பிட வந்திருக்காது.

சர்குலர் துள்ளி எழுந்து பாறையை நோக்கி ஓடினார். பல் டாக்டர் பின்னாலேயே ஓடினாள். விசிலின் கால்களும் இரண்டு எட்டு வைத்துவிட்டன. மூன்றாவது எட்டில் நின்றாள்.

அழகான குரல் அது. மூச்சு நிறைந்த குரல். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி.

பன்னிரண்டு வருஷத்தில் அவள் குளத்திலிருந்து இழுத்துப் போட்டவர்கள் நாற்பத்தொரு பேர். அவர்களில் ஒருவரும் கத்தியதில்லை. கத்த மூச்சு வேண்டும். மூச்சு இருக்கிறவன் மூழ்குவதில்லை. மூழ்குகிறவன் சத்தமே இல்லாமல், பக்கத்தில் குளிப்பவனுக்குக்கூடத் தெரியாமல் போவான்.

பாறைக்குப் பின்னால் இருப்பவன் மூழ்கவில்லை.

அப்படியென்றால்?

அவள் திரும்பி இடது பக்கம் பார்த்தாள்.

சாய்ந்த மரத்துக்கு அப்பால், பத்தடி தள்ளி, ஒரு வழுக்கைத் தலை பின்பக்கம் சாய்ந்திருந்தது. வாய் நீர்மட்டத்தில் திறந்து, மூடி, திறந்தது. கைகள் இரண்டும் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருந்தன, லிஃப்ட் குழியில் இல்லாத ஏணியில் ஏறுவதுபோல.

ஒரு சத்தமும் இல்லை.

அவள் ஓடினாள். உடனே பாறைப் பக்கத்துக் குரல் மாறியது. வயது குறைந்துகொண்டே போயிற்று. முப்பத்தாறு, இருபது, பத்து. கடைசியில் ஆறு வயதுக் குரல் தேம்பியது.

“அக்கா, என்ன விட்டுட்டுப் போகாத. அக்கா, பயமா இருக்கு.”

அம்மாவைக் கொண்டுபோன அன்று ராத்திரி அவன் அழுத அழுகை. எழுத்து பிசகாமல் அதே அழுகை. அதைக் கேட்டவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான். அதில் ஒருவன் இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

“அழு,” என்றாள் விசில், திரும்பிப் பார்க்காமல். “நல்லா அழு.”

குதித்தாள். பின்னாலிருந்து கக்கத்தில் கை கொடுத்து மல்லாத்தி இழுத்தாள். வரவில்லை. ஆள் எடை அவளுக்கு அத்துப்படி. தொந்தியைச் சேர்த்தும் இது ஒரு ஆள் எடை இல்லை. அடியில், வெயில் படாத குளிரில், இன்னொரு எடை தொங்கியது. பொறுமையாக.

“பன்னெண்டு வருஷத்துல ஒருத்தரையும் விட்டதில்ல,” என்று தண்ணீரைத் துப்பினாள். “உனக்காகவா இன்னிக்கி ஆரம்பிக்கப் போறேன்? விடு சனியனே, இது எங்க வீட்டுப் புள்ள!”

காலைச் சேர்த்து ஓங்கி உதைத்தாள். மெத்தென்று எதன் மேலோ பட்டது.

எடை விட்டது.

கரையில் அவனைக் குப்புறப் போட்டு முதுகில் நாலு வைத்தாள். அதில் இரண்டு முதலுதவி, இரண்டு ஆத்திரம். குடித்த ஆற்றுத் தண்ணீரெல்லாம் வெளியே வந்தது.

பாறைப் பக்கமிருந்து பல் டாக்டர் சர்குலரை அரைக்கால் சட்டையின் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் மார்பு வரைக்கும் நனைந்திருந்தார்.

“குரல் தள்ளித் தள்ளிப் போச்சு,” என்றாள் அவள். “இந்த மனுஷன் பின்னாலயே போறாரு. இழுத்தா வரமாட்டேங்கறாரு.”

“நான் நிலைமையை மதிப்பிட்டுக்கிட்டிருந்தேன்,” என்றார் சர்குலர்.

“நான் கத்தவே இல்லக்கா,” என்றான் தம்பி. “வாயே வரல.”

“தெரியும். முழங்கால் தண்ணியத் தாண்டி ஏன்டா போன?”

அவன் விழித்தான். “நீதான கூப்பிட்ட. அந்தப் பக்கமிருந்து. ‘ஆழமே இல்லடா, வா’ன்னு.”

விசில் ஆளில்லாத அக்கரையைப் பார்த்தாள்.

“கத்தினவன விட்டுட்டு நீ எப்படி இந்தப் பக்கம் பார்த்த?” என்று கேட்டார் சர்குலர், மெல்ல. வாழ்க்கையில் முதல் தடவையாக, பதில் தெரிந்துகொள்வதற்காக ஒரு கேள்வி கேட்டார்.

அவளுக்குக் கோபம் பாடமாக வந்தது. கரையில் நின்று, புதுப் பயிற்சியாளர்களிடம் சொல்கிற அதே உரத்த குரலில் சொன்னாள்.

“காலையிலயே சொல்ல வந்தேன், விட்டியா? மூழ்கறவன் கத்த மாட்டான்! தல பின்னால சாயும். வாய் தண்ணி மட்டத்துல இருக்கும். கை ரெண்டும் பக்கவாட்டுல அமுக்கும், இப்படி. கால் உதைக்காது. முகத்துல முடி விழுந்தாக்கூட ஒதுக்க மாட்டான். சத்தமே வராது!”

“விசில்,” என்று பல் டாக்டர் அவள் கையைப் பிடித்தாள். “மெதுவா பேசு.”

“ஏன்?”

“யாரோ கேட்டுக்கிட்டிருக்காங்க.”

நடு ஆற்றில் ஒரு தலை எழுந்தது.

பின்னால் சாய்ந்திருந்தது. வாய் தண்ணீர் மட்டத்தில். கைகள் பக்கவாட்டில் அமுக்கின. ஈர முடி முகம் முழுக்க விழுந்திருந்தது, ஒதுக்கவில்லை.

சத்தமே வரவில்லை.

பாடத்தில் ஒரு வரி தப்பவில்லை. விசில் கரையில் இருந்தவர்களைப் பார்த்தாள். நாலு பேர். நாலு பேரும் இருந்தார்கள்.

“நிஜ ஆளா இருந்தா?” என்றான் தம்பி.

அதுதான் அவளையும் அறுத்தது. கால் தானாக முன்னால் போயிற்று. நாற்பத்தொரு பேரைத் தூக்கிய உடம்பு. கண்ணெதிரே ஒருவர் முங்கும்போது அதற்கு நிற்கத் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மனதுக்குள் எண்ணினாள். அறுபது. எண்பது. நூற்றிருபது. தலை அதே இடத்தில், அதே மாதிரி, சளைக்காமல் மூழ்கிக்கொண்டிருந்தது.

“தப்பு!” என்று கத்தினாள். “ஒரு நிமிஷத்துக்கு மேல எவனாலயும் தாக்குப் பிடிக்க முடியாது. தப்பு! ஏமாத்துறதுக்கும் ஒழுங்காப் படிக்கணும், போ!”

கைகள் நின்றன. தலை கொஞ்ச நேரம் அவளையே பார்த்தது. முகம் தெரியவில்லை, பார்த்தது மட்டும் தெரிந்தது. பிறகு இறங்கிவிட்டது.

சர்குலர் கெக்கெக்கென்று சிரித்தார். “ஃபெயில் போட்டுட்டா!”

அப்போது தலை மறுபடி எழுந்தது.

பின்னால் சாய்ந்தது. வாய் திறந்து மூடியது. கைகள் அமுக்கின.

சரியாக அறுபது எண்ணியதும், சத்தமில்லாமல் உள்ளே போயிற்று.

அவர்கள் கூடாரத்தைப் பிரிக்காமலே வண்டி ஏறினார்கள்.

அடுத்த ஞாயிறு விசில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியுடன் அங்கே வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் வண்டி வண்டியாக ஆட்கள் வருவார்கள் என்று தர்பூசணிக்காரி சொல்லியிருந்தாள். ‘பேய்க்கு டியூஷன் எடுத்தது நான், பரீட்சை நடக்கிற நாளில் நான் இல்லாமலா?’ என்பது அவள் கட்சி. போகக் கூடாது என்று சர்குலர் எட்டுப் பக்கம் அனுப்பினார். அதை எட்டாக மடித்து, ஆடிய நாற்காலிக் காலுக்கு அடியில் வைத்தாள். நன்றாக நின்றது.

கரையில் ஒரு வார்த்தை பேச மாட்டாள். தண்ணீரில் இறங்குகிறவர்களைக் கையைக் காட்டி மேலே ஏற்றுவாள், தலைகளை விரல் விட்டு எண்ணுவாள், அவ்வளவுதான். பாவம், ஊமை போல என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும்.

ஐந்தாவது ஞாயிறு உச்சி வெயிலில், குளிக்க வந்த ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சிரித்தாள். “நீங்க ஏங்க இப்படி விரட்டுறீங்க? உங்க கூடப் பிறந்தவங்க எவ்வளவு தன்மையா பேசறாங்க!”

விசில் புருவத்தை உயர்த்தினாள்.

“அக்கரையில நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்காங்களே. அச்சு அசல் உங்க முகம். ஆழமே இல்ல, வாங்கன்னு கூப்பிட்டாங்க.”

விசில் மெதுவாக நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, ஐந்து வாரத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

“அவ பேச்சக் கேக்காதீங்க!”

அதே நொடியில், அதே குரலில், அக்கரையிலிருந்தும் வந்தது.

“அவ பேச்சக் கேக்காதீங்க!”

அந்தப் பெண் இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்தாள். விசில் எழுந்தாள், நாற்காலியைத் தூக்கினாள். தண்ணீரில் இறங்கி, அந்தப் பெண்ணைத் தாண்டிப் போய், அவளுக்கும் அக்கரைக்கும் நடுவில் போட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

அக்கரையில் இருந்தவளும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.