ஏகமனதாக ஒரு போர்

செவ்வாய்க் கிரகத்தின் செம்மேட்டுக் குடியிருப்பில், காலைச் சிற்றுண்டி முடிந்த கையோடு தினமும் முதல் உலகப் போர் மூளும். வரலாற்று அரங்கின் மிகப் பிரபலமான காட்சி அது.

மேடையில் ஐந்து ஆட்சிப்பாவைகள். மனித உருவம், எந்திர மூளை. 1914இல் எந்த நாடு எப்படி முடிவெடுத்ததோ அப்படியே முடிவெடுக்கப் பழக்கப்பட்டவை. ருஷ்யப் பாவை ஒரு கையெழுத்துப் போட்டால் படை திரளும். ஜெர்மானியப் பாவை, தளபதிகளின் கால அட்டவணையை மீறத் தெரியாமல் தவிக்கும். பிரிட்டன் பாவைக்குள் ஒரு மந்திரிசபையே உட்கார்ந்து கடைசிவரை வாதாடும்.

காட்சியின் முடிவில் அவை கொஞ்சம் வருந்தினால் நன்றாயிருக்குமே என்று, அரங்கப் பொறுப்பாளர் அங்கயற்கண்ணி போரின் விளைவுகளை அவற்றுக்குப் புகட்டினாள். மறுநாள் ருஷ்யப் பாவை பேனாவைக் கீழே வைத்துவிட்டது. மற்றவையும் படைகளைத் திருப்பியழைத்தன. ஐந்தும் கைகுலுக்கிக்கொண்டதைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கியது. பார்வையாளர்களோ முணுமுணுத்தபடி எழுந்து போனார்கள்.

இயக்குநர் இருதயராஜ் மூச்சிரைக்க வந்தார். "என்னம்மா, சண்டையே வரலியே?"

"இப்பதான் சார் அதுங்களுக்குப் புத்தி வந்திருக்கு. அழிச்சிடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்."

"நான் யாரும்மா அழிக்க? இங்க என்ன ராஜாவா ஆளுறாரு? ஓட்டுக்கு விட்டிருக்கு. உனக்கும் ஒரு ஓட்டு இருக்குல்ல, எதிர்த்துப் போடு."

அந்தக் குடியிருப்பில் எதற்கும் வாக்கெடுப்புதான். காதுக்குப் பின்னால் பதித்த வாக்குச்சில்லு, தீர்மானங்களை வாசித்துக்கொண்டே இருக்கும். தொட்டால் சம்மதம்.

இரண்டு நாள் கழித்து, நினைவழிக்கும் கருவியோடு தொழில்நுட்பர் வந்து நின்றார்.

"ஏகமனதா பாஸாயிடுச்சும்மா."

"ஏகமனதாவா? நான் இன்னும் ஓட்டே போடலியே!"

அவர் பதிவைத் திருப்பிக் காட்டினார். காலையில் பல் துலக்கும்போது, தண்ணீர் முறை, விளக்கு நேரம், குப்பை வண்டி என்று வந்த தீர்மானங்களோடு சேர்த்து இதற்கும் அவள் சம்மதித்திருந்தாள். முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

கருவியைப் பொருத்தும்போது ருஷ்யப் பாவை அமைதியாகக் கேட்டது: "எங்கள் நாட்டில் ஒருவரின் கையைப் பிடித்துத் தடுத்திருந்தால் போதும். உங்கள் நாட்டில் யார் கையைப் பிடிக்க வேண்டும், அம்மா?"

அவள் பதில் தேடுவதற்குள் காதில் அடுத்த தீர்மானம் ஒலித்தது. கை தானாக எழுந்து அதைத் தொட்டது.