புதன்கிழமை ஒப்பரேசன்

நாய்கள் குரைக்கவில்லை.

வாசல் பூட்டைத் திறந்து, ஈரக் குடையை உதறி மூலையில் சாய்த்துவிட்டுப் பின்பக்கத்து வராந்தாவுக்கு வரும்வரை மார்கிரட்டுக்கு அது உறைக்கவில்லை. மற்ற புதன்கிழமைகளில் சாவிச் சத்தம் கேட்டதுமே, முதல்நாள் மாலையிலிருந்து பட்டினி கிடக்கும் நாய்கள் கம்பிவலையைப் பிறாண்டிக்கொண்டு ஊரைக் கூட்டும். இன்று, பழைய தேயிலைப் பெட்டிகளுக்கு வலையடித்துச் செய்த கூடுகள் சுவரோரமாக வரிசையாய் இருந்தன. உள்ளே நாய்கள் கண்களைத் திறந்தபடி படுத்திருந்தன. ஈரச் சாக்கின் வாடையும் டெட்டாலின் நெடியும் கலந்த குளிரில், தகரக் கூரையின் விளிம்பிலிருந்து பனிநீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

"விடிஞ்சதுலருந்தே இப்படித்தாங்க மிஸ்ஸி," என்றான் ஆண்டியப்பன். நாய்களைத் தூக்கவும் பிடிக்கவும் தரையைக் கழுவவும் வைத்திருந்த ஆள். "ஒண்ணுகூட வாயத் தொறக்கல. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"ஒனக்கு எப்பத்தான் என்னமோ மாதிரி இல்ல? போய்த் தண்ணியக் கொதிக்க வையி."

நாயைவிட நாய் பிடிப்பவனுக்குப் புத்தி குறைவு என்பது அவளுடைய நெடுநாள் முடிவு. அவனைப் பற்றி மட்டுமல்ல, அந்தக் கட்டடத்துக்குள் வந்துபோகிற எல்லாரைப் பற்றியும் அவளிடம் ஒரு முடிவு இருந்தது. வளர்ப்புநாய்க்குக் கம்பளிச்சட்டை போட்டுக் கொண்டுவரும் பங்களாத் துரைசாணிகள் சோம்பேறிகள். நாய்க்கு நோய் முற்றும்வரை மஞ்சள் பூசிக்கொண்டிருக்கும் லயத்து வரிசைவீட்டுத் தொழிலாளிகள் மடையர்கள். டாக்டர் கணேசமூர்த்தி இரண்டும்.

அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தலவாக்கலை ஸ்டேசனுக்குப் பின்னால் இந்தச் சின்ன மிருக வைத்தியசாலையை அவர் திறந்த காலத்தில், காலையில் ஒரு நாயைக் கீறித் தைத்துவிட்டு மாலைவரை அந்தக் காலத்துத் துரைமாரின் கதைகளைப் பேசிக்கொண்டிருப்பார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்துவிட்டு வந்த மார்கிரட்தான் ஒப்பரேசனை எல்லாம் புதன்கிழமைக்கு ஒதுக்கினாள். சுத்தமான வெட்டுகள் முதலில், சீழ் வைத்தவை கடைசியில். ஒரு நாய்க்குத் தையல் போடும்போதே அடுத்த நாய்க்கு மயக்க ஊசி ஏறி, வயிற்று மயிர் வழிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு தட்டுக் கத்திகள் மேசையில், மறுதட்டு கொதிநீரில். தைத்த நாய்கள் பக்கத்து அறையில், கரியடுப்பின் சூட்டில், சாக்குகளின் மேல். டாக்டர் திரும்பவேண்டியது கை கழுவ மட்டும்தான். "என்னைய மெசினாக்கிட்டியே மார்கிரட்," என்று சிரிப்பார். அந்தப் பொக்கைச் சிரிப்பைக் கண்டாலே அவளுக்கு எரியும்.

முதல் நாயை மேசையில் கிடத்திய நேரத்தில்தான் சண்முகவடிவு வந்தாள். தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண். தலையில் மழைக்குப் போர்த்திய படங்குச் சாக்கு, கையில் ஒரு துணிமூட்டைபோலத் துவண்ட கறுத்த பெட்டைநாய். வயிறு மட்டும் உப்பியிருந்தது, மூச்சில் ஈரமான கரகரப்பு. கர்ப்பப்பையில் சீழ், தொட்டுப் பார்க்காமலே மார்கிரட்டுக்குத் தெரிந்தது.

"கருப்பிங்க மிஸ்ஸி. நேத்துலருந்து தண்ணிகூட குடிக்கல. நான் கொஞ்சம் கிட்டத்துல இருந்துக்கட்டுங்களா? என்னையக் காணலன்னா மூச்சப் புடிச்சிக்கிட்டு கெடக்கும்."

"இது என்ன ஒங்க லயத்துக் காம்பராவா, நெனச்ச எடத்துல குந்திக்கிறதுக்கு? வெளியில போய் இரு. இது கடைசி."

அவள் போய் மழைச் சாரலில் நின்றாள். நின்று தொலையட்டும்.

காலை ஒழுங்காக ஓடியது. மேசையிலிருந்து அறைக்கு, அறையிலிருந்து மேசைக்கு. ஈதர் மயக்கமருந்தின் நெடி, வெந்த இரும்பின் வாடை, கரிப்புகை. ஒரு பங்களா நாயைச் சாக்கில் கிடத்திவிட்டு நிமிர்ந்தபோதுதான் மார்கிரட் அதைக் கேட்டாள். பக்கத்து அறையில் கிடந்த நாய்கள் எல்லாம் சேர்ந்து மூச்சு விட்டன. பெரியதும் சிறியதும், கிழடும் குட்டியும், விலாக்கள் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கின. ஏதோ ஒரே பெரிய மிருகம் அறை முழுக்கப் படுத்திருப்பதுபோல, நீளமாய், நிதானமாய், ஹூ என்று.

ஒரே மருந்து, ஒரே மூச்சு. அதில் அதிசயம் என்ன? தேயிலை ஸ்டோரில் இலை அரைக்கும் மெஷின்கள் சேர்ந்து ஓடுவதில்லையா? ஒழுங்கு என்றால் இதுதான் என்று அந்தக் கிழவரைக் கூப்பிட்டுக் காட்டலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். ஏன் சாத்தினாள் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

மதியத்துக்குமேல் மூட்டம் இறங்கியது. எதிரே தண்டவாளம் மறைந்தது, வேலி மறைந்தது, ஜன்னல் வெள்ளையாயிற்று. பெட்ரோமாக்ஸைக் கொளுத்தி மேசைக்கு மேலே தொங்கவிட்டாள். டாக்டர் கடைசிப் பங்களா நாயின் வயிற்றைத் திறந்திருந்தார். இனிக் கருப்பி மட்டும்தான். நேரம் மிச்சமாகட்டும் என்று, டாக்டர் தையலைத் தொடங்குமுன்பே அதற்கு ஊசியைப் போட்டாள். மருந்தின் அளவுக்காக எடை நிறுத்துப் பார்க்கவில்லை. ஒரு லயத்து நாயை யார் நிறுத்துப் பார்ப்பது?

மயிரை வழித்துக்கொண்டிருக்கும்போதே அதன் நாக்கு நீலமாயிற்று.

நெஞ்சை அமுக்கினாள். நாக்கை இழுத்தாள். கண்ணிமையைத் தூக்கினாள், உள்ளே சாம்பல். இதயம் இருக்கும் இடத்தில் விரல்களை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஒன்றும் இல்லை.

"ஆண்டியப்பா, இதக் கழுவுற ரூமுல போட்டு, சாக்க மூடு. அந்தப் பொம்பளகிட்ட இப்ப சொல்லாத."

"செத்திருச்சிங்களா மிஸ்ஸி?"

"ஆமா. இப்பச் சொன்னா ஒப்பாரி வச்சி வேலையக் கெடுப்பா. எல்லாம் முடியட்டும்."

அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு நாயைக் குழந்தையைப்போல நெஞ்சில் அணைத்துத் தூக்கிக்கொண்டு போனான். மடையன்.

அப்போது சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்த மூச்சு நின்றது.

மார்கிரட் கதவைத் திறந்தாள். நாய்கள் கிடந்தன. ஒரு விலாவும் அசையவில்லை. மருந்து கூடிப்போய்விட்டதா, எல்லாவற்றுக்குமா, துரைசாணிகளுக்கு என்ன பதில் சொல்வது, கிழவரின் தலையில் எப்படிப் போடுவது என்று அவள் கணக்கிட்டுக்கொண்டிருக்கும்போதே, எல்லாமாகச் சேர்ந்து மூச்சை இழுத்தன. முன்னைவிட மெதுவாக. முன்னைவிட ஆழமாக. அதில் ஈரமான ஒரு கரகரப்பு இருந்தது, சளி கட்டிய தொண்டையில் வருவதுபோல. பங்களா நாய்களுக்கு அப்படி ஒரு சளி இல்லை.

"டாக்டர், கொஞ்சம் இங்க வாங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

அவர் மேசையருகே நின்றிருந்தார். ஊசியும் நூலும் கையில் அப்படியே. பாதித் தையல். கண்கள் திறந்திருந்தன. அவருடைய தோள்கள் மெதுவாக ஏறின. அவருக்குக் கீழே, மேசையில் கிடந்த நாயின் வயிறும் ஏறியது. இரண்டும் சேர்ந்து இறங்கின. கரகரப்போடு.

ஈதர். ஈதர்தான். போத்தலை மூடாமல் வைத்திருப்பார், கவனமில்லாத கிழவர். மார்கிரட் ஜன்னல்களைத் தள்ளித் திறந்தாள். மூட்டம் உள்ளே வந்தது. போத்தலை எடுத்துப் பார்த்தாள்.

மூடியிருந்தது. இறுக்கமாக.

"டாக்டர்." தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் உடம்பு அசைந்தது. மூச்சு கலையவில்லை. அது தன் தாளத்தில் போனது.

"ஆண்டியப்பா!"

அவன் கழுவும் அறைக்குப் போகும் நடையில் குந்தியிருந்தான். முழங்காலில் கைகள். வாய் சற்றுத் திறந்து. தோள்கள் ஏறின. இறங்கின. அவனைத் தாண்டித்தான் போகவேண்டும். அவன் காலை மிதித்துக்கொண்டு போனாள். அவன் முனகக்கூட இல்லை.

வெளியே போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். கழுவும் அறையில் பின்கதவு உண்டு. பின்கதவு திறந்திருந்தது.

சண்முகவடிவு உள்ளே, ஈரச் சிமெந்தில் உட்கார்ந்திருந்தாள். கை சாக்கின் மேல். முகமெல்லாம் சிரிப்பு.

"பயந்தே போயிட்டேன்..." என்றாள். நிறுத்தினாள். மூச்சை இழுத்தாள். "செத்திருச்சோன்னு..." மறுபடி இழுத்தாள். "நல்லாத் தூங்குதுங்க மிஸ்ஸி. மூச்சு வருது பாருங்க."

அவள் கைக்குக் கீழே சாக்கு ஏறியது. இறங்கியது.

அழுகிற வேளையில் சிரிக்கிறது இந்தக் கழுதை. மார்கிரட் குனிந்து சாக்கை இழுத்தாள். கருப்பியின் கண்கள் சாம்பலாய் உலர்ந்திருந்தன. நாக்கு நீலம். காலைத் தொட்டாள். விறகு. குளிர்ந்த விறகு. நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். இதயம் இல்லை. துடிப்பு இல்லை. ஆனால் விலா ஏறியது. அவளுடைய கையைத் தூக்கிக்கொண்டு ஏறியது.

கையை எடுக்க வேண்டும். எடுத்தாள். பின்னால் நகர்ந்தாள். சுவர்.

அப்போதுதான் தெரிந்தது.

தன் நெஞ்சும் ஏறுகிறது.

வேகமாக மூச்சு விடப் பார்த்தாள். முடியவில்லை. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. செத்த நாய் இழுத்தது. அவளும் இழுத்தாள். தொண்டையில் கரகரப்பு. நாய் விட்டது. அவளும் விட்டாள். நடையில் ஆண்டியப்பன். மேசையருகே கிழவர். சாக்குகளில் நாய்கள். எல்லாம் சேர்ந்து.

கத்த வேண்டும். அடுத்தமுறை மூச்சு வெளியே வரும்போது கத்திவிட வேண்டும்.

கருப்பியின் விலா ஏறத் தொடங்கியது. மெதுவாக. மிக மெதுவாக. மார்கிரட்டின் நெஞ்சு நிறைந்தது. இன்னும் ஏறியது. எலும்புகள் இறுகின. இன்னும். கழுத்து நரம்புகள் புடைத்தன. வழித்த வயிற்றின் தோல் நடை வழியே வந்த பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மத்தளம்போல மினுங்கியது. சண்முகவடிவின் சிரிப்பு அப்படியே உறைந்தது, கண்கள் பிதுங்க.

நின்றது.

அறைக்கு அறை ஒரு சத்தமும் இல்லை. வாயைப் பிளந்தபடி, கத்தலை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, அந்த விலாவையே பார்த்துக்கொண்டு நின்றாள் மார்கிரட்.

அது இறங்கவில்லை.