வெள்ளியங்கிரியின் பாட்டில்

நாமக்கல் வட்டாரப் பொதுமக்கள் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: லாரிப் பட்டறை முதலாளி வெள்ளியங்கிரி அவர்களின் சிறுநீர் இன்று காலை ஏழு மணிக்குப் பரிசோதனைக்குப் புறப்படுகிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் வைபவம் இது. அன்றைக்கு வீட்டில் மிக்ஸி ஓடக்கூடாது, டி.வி. பேசக்கூடாது. முதலாளி ஈஸிச்சேரில் கண்மூடிக் கிடப்பார். அவர் மனைவி சித்ராவுக்கு மட்டும் எல்லா நாளும் ஒரே நாள்தான். கிட்னிக்கார முதலாளிக்கு உப்பில்லாக் குழம்பு ஒரு அடுப்பில், மற்றவர்களுக்கு உப்புக் குழம்பு இன்னொரு அடுப்பில். அவள் காலில் செருப்பு நுழையாமல் போய் இரண்டு மாதமாகிறது. வெறுங்காலோடு நடந்தாள்.

அண்ணியை ‘நங்கை’ என்றழைக்கும் நாத்தனார் பொன்னாயி எட்டிப் பார்த்தாள். “அண்ணன் பாதியா எளச்சுப் போச்சு… நீ என்னடான்னா பூரியாட்டம் உப்பிக்கிட்டே போற! அண்ணனுக்குக் கொறச்ச உப்பையெல்லாம் நீயே திங்கறயா நங்கை?”

சித்ரா சிரித்து வைத்தாள்.

ஹாலில் மகளின் லேப் படிப்பைப் பற்றி முதலாளியின் தினசரிப் பிரசங்கம் தொடங்கியிருந்தது. “நாலு வருசம்… நாலு லட்சம்! பி.எஸ்சி. எம்.எல்.டி.! என்ன சம்பளம்? பன்னண்டாயிரம்! நம்ம பட்டறைல வெல்டிங் வெக்கறவன் எட்டாவது பெயிலு, இருவத்தஞ்சு வாங்கறான். கண்டவன் மூத்தரத்தப் பாக்கறதுக்கு ஒரு பட்டம்!”

“இந்த மாசத்துல இருந்து உங்களுதையும் நான்தானுங்கப்பா பாக்கறேன்,” என்றாள் மகள் அபிநயா. லேபில் சேர்ந்து இருபது நாள் ஆகியிருந்தது. கையில் ஊசி. “இன்னைக்கு ரத்தமும் எடுக்கோணும். ஒரு வருசமா ரிப்போர்ட்டுல புரதம் கொட்டுது, நீங்க லேகியத்த நக்கிட்டு உக்காந்திருக்கீங்க!”

லாரி கேபினையே தோளில் தாங்குகிறவர் என்று பெயரெடுத்த மனிதருக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். அதனால்தான் ஒரு வருடமாக டாக்டர் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. இன்று மகள் விடவில்லை. அவர் போட்ட சத்தம் பரமத்தி ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். “எங்கண்ணன் ரத்தத்த உறிஞ்சறாளே…!” என்று பொன்னாயி ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.

மத்தியானமே அபிநயா திரும்பி வந்துவிட்டாள். முகம் சரியில்லை.

“அப்பா, உங்க கிட்னி கல்லாட்டம் இருக்குது. உங்க ரத்தத்துல ஒரு கொறையும் இல்ல, பாட்டில்ல மட்டும் புரதம் கொட்டுது. இப்பச் சொல்லுங்க… பாட்டில்ல புடிச்சது யாரு?”

வெள்ளியங்கிரி மோட்டுவளையைப் பார்த்தார். போன வருடம் பட்டறைச் சங்க மருத்துவ முகாமில் பாட்டிலைக் கொடுத்தபோது, அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது ஒரு முதலாளிக்கு அழகா என்று அவருக்குத் தோன்றியது. “ஒரே ஊட்டுச் சோறு திங்கறோம், ஒரே போர்த்தண்ணி குடிக்கறோம்… நீயே புடிச்சுக் குடுத்துரு புள்ள,” என்று மனைவிக்கு உத்தரவிட்டார். அதுவே ஒவ்வொரு முறையும் வழக்கமாயிற்று. அந்த விஞ்ஞானத்தை அவர் இன்றுவரை சந்தேகித்ததில்லை.

“நான்தான் சாமி,” என்றாள் சித்ரா.

அபிநயா தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினாள். வீங்கிய சதையில் குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

“நோவு உன்னுதுன்னு தெரியுமாம்மா உனக்கு?”

“மூச்சு வாங்குனது எனக்குத்தானே சாமி… மொத ரிப்போர்ட்டு வந்தப்பவே தெரியும்.”

“அப்ப ஏம்மா வாயத் தொறக்கல?!”

“இந்த ஊட்டுல இன்னொரு தண்டச் செலவு வந்துச்சுன்னா மொதல்ல நிக்கறது உன்ற படிப்புத்தான்னு உங்கப்பா சொல்லியிருந்தாங்க… உனக்கு அது கடைசி வருசம். நீ முடிச்சுட்டு வந்து பாத்துக்குவீன்னு இருந்துட்டேன்.”

“பாத்துட்டேன்மா… பாத்துட்டேன்…!” மகள் அந்தக் கால்களிலேயே முகம் புதைத்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரே குத்தில் அம்மாவின் ரத்தத்தை எடுத்தாள். படித்த படிப்பு அது.

சாயங்காலம் டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் மாத்திரையிலேயே தள்ளிப்போட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளியங்கிரி மனைவியின் காலடியில் விழுந்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அந்தக் கால்களை அவர் பார்த்ததே அன்றுதான். “பாவி நான்… என்ற சித்ரா! நாலு லட்சமென்ன, நம்ம மக படிப்புக்கு நாப்பது லட்சம் குடுத்தாலும் தகும்!” பொன்னாயி, “நங்கை… என்ற வாய்ல புழுப் புழுக்க!” என்று கட்டிக்கொண்டு கதறினாள்.

மகளின் படிப்பு தகும் என்று கணவர் சொல்லும் அந்த ஒரு வார்த்தைக்காக நாலு வருடம் காத்திருந்தவள் சித்ரா. அது காதில் விழுந்ததும் அவள் முகம் தெளிந்துவிட்டது. “ஏனுங்க, அழுவாதீங்க… பிரசர் ஏறிரப் போகுது,” என்று கணவரின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையிலும் அடுப்பில் இரண்டு குழம்பு கொதித்தது. இந்த முறை உப்புள்ளது வெள்ளியங்கிரிக்கு, உப்பில்லாதது சித்ராவுக்கு. சமைத்தது சித்ராதான்.