நின்ற சுத்தியலின் சத்தம்

"அப்பா, நீங்க கைதட்டுறதை நிறுத்தின பிறகும் தட்டுற மாதிரியே கேக்குதே... ஏன்?"

இன்ஸ்பெக்டரின் மகள் ஐந்து வயதில் கேட்ட கேள்வி.

"பேசாம தூங்கு!" என்பதுதான் அன்று அவர் சொன்ன பதில்.

அந்தக் கேள்வி பல வருடங்கள் பொறுமையாகக் காத்திருந்தது. ஒரு வெள்ளிக் கோப்பை காணாமல் போகும் வரை!

"ஐயோ! கோப்பை போச்சே!"

பரிசுக் கோப்பைகள் செய்யும் கடையில் முதலாளி அலறிய அலறலில் தெருவே எட்டிப் பார்த்தது. மாலை இறுதிப் போட்டியில் கொடுக்க வேண்டிய கோப்பை. கடைக்கும் பட்டறைக்கும் நடுவே நடைவழி அலமாரியில் இருந்தது... இப்போது இல்லை!

இன்ஸ்பெக்டரும் ஏட்டும் வந்து சேர்ந்தார்கள்.

"கடையில யார் யார் இருந்தீங்க?"

"மூணு பேர் சார். வாசல்ல இந்தக் கல்லா அம்மா. முன்னால கண்ணாடி துடைக்கிற இந்தப் பொண்ணு. பின்னால பட்டறையில சுத்தியல் மாமா. நான் இப்பதான் வந்தேன்."

"வெளியாள் யாராவது?"

கல்லா அம்மா நிமிர்ந்தாள். "என்னைத் தாண்டி ஈ கூட உள்ள போகலை சார்!"

"பட்டறைக்காரர்?"

"அவர் அடிச்சுக்கிட்டேதான் இருந்தார். டக்... டக்... டக்னு. ஒரு அடி கூட விடலை. சாமி சத்தியமா!"

எல்லோருடைய கண்களும் அந்தப் பெண்ணின் மேல் போய் விழுந்தன.

"நான் எடுக்கலை சார்..." அவள் குரல் உடைந்தது. "எனக்கு இது முதல் வேலை. திருடின்னு பேர் வந்துட்டா வேற யார் சார் வேலை கொடுப்பாங்க?"

அவள் பையைக் கவிழ்த்தார்கள். ஒரு சீப்பு, ஒரு கைக்குட்டை. அவ்வளவுதான்.

"எங்கேயோ ஒளிச்சு வச்சிருக்கா!" முதலாளி குதித்தார். "பிடிச்சு உள்ள போடுங்க சார்!"

பட்டறைக் கதவோரம் சுத்தியல் மாமா தலைகுனிந்து நின்றார். நெற்றியில் வியர்வை.

இன்ஸ்பெக்டர் கல்லா அம்மாவிடம் திரும்பினார்.

"அம்மா, வேற ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"நடுவுல மெருகு மெஷின் கொஞ்சம் ர்ர்ர்னு இரைஞ்சுது. அதுக்குள்ளயும் டக் டக் கேட்டுச்சே!"

"ஒரே ஆள் ரெண்டு வேலையா?"

"மெஷின் சூடாகட்டும்னு ஓட விட்டேன் சார்..." சுத்தியல் மாமாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அடிச்சுக்கிட்டேதான் இருந்தேன்."

இன்ஸ்பெக்டரின் மனதில் அந்தப் பழைய கைதட்டல் கேட்டது.

சட்டென்று போனை எடுத்தார். மகள் இப்போது மூளை ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறாள்.

"கண்ணு, அந்தக் கைதட்டல் கேள்வி... பதில் என்ன?"

"நல்லா இருக்குப்பா! நான் கேட்ட கேள்விக்கு நானே பதில் சொல்லணுமா?" கலகலவென்று சிரித்தாள். "மூளைக்குள்ள மின் அலை ஓடுதுப்பா. ஒரே தாளத்தைக் கேட்டா அலையும் அதோட சேர்ந்து ஆட ஆரம்பிச்சுடும். ஊஞ்சல் மாதிரி! தள்ளுறதை நிறுத்தினாலும் கொஞ்ச நேரம் ஆடும்ல?"

"நடுவுல இரைச்சல் வந்தா?"

"தாளம் நின்னதே தெரியாது. இரைச்சலுக்குள்ள மூளையே டக் போட்டு நிரப்பிக்கும். கேட்டவங்க பொய் சொல்லலைப்பா... நிஜமாவே கேக்கும்!"

பக்கத்தில் ஏட்டு காதைச் சொறிந்தார். "சார், மாமியார் ஊருக்குப் போன பிறகும் எனக்குத் திட்டு கேக்குது. அதுவும் இதானா?"

"அது மனசாட்சிய்யா! போய் சுத்தியலை எடு."

கல்லா அம்மா கண்ணை மூடி உட்கார்ந்தாள். பட்டறையில் ஏட்டு அடித்தார்.

டக்... டக்... டக்...

சீரான அடி. கல்லா அம்மாவின் தலை தன்னையறியாமல் ஆடியது.

இன்ஸ்பெக்டர் மெருகு மெஷின் சுவிட்சைத் தட்டிவிட்டுக் கல்லாவுக்கு வந்தார்.

ர்ர்ர்ர்ர்!

"இப்பவும் அடிக்கிறாராம்மா?"

"ஆமா சார்... அடிக்கிறாரு... டக்... டக்... நல்லாவே கேக்குது!"

"கண்ணைத் திறங்க!"

திறந்தாள்.

மூக்குக்கு நேராக ஏட்டு! கையில் சுத்தியல்!

"ஆ...!"

"நான் வந்து நின்னு நாலு மூச்சு விட்டாச்சும்மா," என்று பல்லைக் காட்டினார் ஏட்டு.

முதலாளியின் வாய் திறந்தபடியே நின்றது. நாலு மூச்சு! நடைவழி அலமாரிக்குப் போய்த் திரும்ப அது போதாதா?

இதுவரை யாரும் சோதிக்காத பட்டறையை இன்ஸ்பெக்டர் சோதித்தார். சுத்தியல் மாமாவின் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தார்.

சோறு இல்லை.

பளபளவென்று வெள்ளிக் கோப்பை!

"திருட்டுப் பய..." முதலாளி பாய்ந்தார்.

"திருட்டு இல்லைங்க!" சுத்தியல் மாமா கையெடுத்துக் கும்பிட்டார். "வெட்கம்! என் கைவேலை உடையவே உடையாதுன்னு ஊரெல்லாம் ஜம்பம் அடிச்சவன் நான். காலையில பார்த்தா கைப்பிடி ஆடுது. யாருக்கும் தெரியாம எடுத்து, ஒரு கையால அடிச்சுக்கிட்டே கைப்பிடியைப் பத்த வச்சேன். திருப்பி வைக்கிறதுக்குள்ள நீங்க கத்திட்டீங்க... பயந்து தூக்குல மறைச்சுட்டேன்..."

"அந்தப் பொண்ணு அழுதப்போ?" இன்ஸ்பெக்டரின் குரலில் கடுமை.

"வாய் வரலை சார்... பாவி நான்!"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்கிட்ட சொல்லியிருந்தா நானே எடுத்துக் கொடுத்திருப்பேனே மாமா," என்றாள். "சரி, உங்களுக்கு இன்னும் டீயே கொடுக்கலை."

பிளாஸ்க்கை எடுத்தாள். பிடி உடைந்த பிளாஸ்க். துணி சுற்றிப் பிடித்து ஊற்றினாள், தினமும் போல முதல் கோப்பை அவருக்கு. பிடியைச் சரிசெய்யச் சொல்லி எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அவர் "நாளைக்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த டீ அவர் தொண்டையில் இறங்க வெகுநேரம் ஆனது.

"புகார் எழுதணுமா?" இன்ஸ்பெக்டர் முதலாளியைக் கேட்டார்.

"எதுக்கு சார்? கோப்பை கடையை விட்டுப் போகவே இல்லையே!" என்றவர் அந்தப் பெண்ணிடம் திரும்பி, "மன்னிச்சுடும்மா," என்றார்.

கடவுள் தண்டிக்க நினைத்தால் இடி அனுப்ப வேண்டியதில்லை. ஒரு கோப்பை டீ போதும்.

மறுநாள் காலை. கடை இன்னும் திறக்கவில்லை. தெருவில் ஆள் இல்லை.

சுத்தியல் மாமா பின்கதவைத் திறந்து உள்ளே வந்தார். அவள் விட்டுப்போன பிளாஸ்க்குக்குப் புதுப் பிடி பொருத்தினார். பிடியின் உட்புறம் விரல் சுடாமலிருக்கத் தோல் சுற்றினார். அவள் இடத்தில் வைத்தார். உறுதிதானா என்று லேசாக ஒரு தட்டு.

டக்.

வந்த வழியே போய்விட்டார்.

அந்த ஒரு டக்கைக் கேட்க அங்கே யாரும் இல்லை. இருந்தாலும் கல்லா அம்மாவிடம் மட்டும் விசாரிக்காதீர்கள்...

பத்து கேட்டதாகச் சத்தியம் செய்வாள்!